டெபிட், கிரெடிட்: யாருடைய நோட்டில் எழுதியது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"பையர் டெபிட் போட்டுட்டாங்க" (சரக்கு வாங்கியவர் தர வேண்டிய பணத்தில் பிடித்துவிட்டார்) என்று போன் வந்தால் திருப்பூரில் எந்த பனியன் கம்பெனிக்காரருக்கும் முகம் சுருங்கும். அதே கம்பெனியில், டேலி என்ற கணக்கு மென்பொருளில் பேங்க் கணக்கு டெபிட் பக்கம் ஏறியிருந்தால் கணக்கர் நிம்மதியாகச் சாப்பிடப் போவார். ஒரே சொல் ஓரிடத்தில் நட்டம், இன்னோரிடத்தில் பணம். விசைத்தறி, சாயப்பட்டறை, மஞ்சள் மண்டி, பால் சொசைட்டி என்று கொங்குப் பக்கத்துத் தொழில்களில் இந்த இரண்டு இங்கிலீஷ் சொற்களும் எங்கெங்கே குழப்புகின்றன என்று பார்த்துக் கேள்விகளை வரிசைப்படுத்தியிருக்கிறோம். கணக்கில் வரும் தொகைகளும் விலைகளும் எடுத்துக்காட்டுக்கானவை.

கேள்வி: டெபிட்னா கழிக்கிறது, கிரெடிட்னா சேர்க்கிறது. அவ்வளவுதானுங்களே?

பேங்க் எஸ்எம்எஸ் படிக்க மட்டும் என்றால் அது போதும். கணக்கு எழுத உட்கார்ந்தால் போதாது. டெபிட், கிரெடிட் இரண்டும் ஒரு கணக்கின் இரண்டு பக்கங்கள்: டெபிட் இடப்பக்கம், கிரெடிட் வலப்பக்கம். கூடுமா குறையுமா என்பது அது எந்தக் கணக்கு, யாருடைய நோட்டில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

சோமனூரில் தறி வைத்திருக்கும் ஒருவர் பேங்கில் ரொக்கமாக 10,000 ரூபாய் கட்டுகிறார். அந்த ஒரு செயல் இரண்டு நோட்டுகளில் நான்கு வரியாக விழுகிறது.

தறிக்காரர் நோட்டில்: பேங்க் கணக்கு டெபிட் 10,000; ரொக்கக் கணக்கு கிரெடிட் 10,000.
பேங்க் நோட்டில்: ரொக்கக் கணக்கு டெபிட் 10,000, தறிக்காரர் கணக்கு கிரெடிட் 10,000.

பாஸ்புக்கில் அச்சாகி வருவது கடைசி வரி மட்டும்தான். பாஸ்புக் நம்முடைய நோட்டு என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது பேங்க் தன் நோட்டில் நம் பெயருக்கு ஒதுக்கிய பக்கத்தின் நகல். பேங்க் நமக்குத் தர வேண்டிய பணம் கூடியதால் அங்கே கிரெடிட். நமக்கு பேங்கிடமிருந்து வர வேண்டியது கூடியதால் நம் நோட்டில் டெபிட். கீழே வரும் குழப்பங்களில் பாதிக்கு மேல் "இது யார் நோட்டு?" என்று கேட்டாலே தீர்ந்துவிடும்.

கேள்வி: இந்தச் சொற்களுக்கு மூலப் பொருள்தான் என்னங்க?

இரண்டுமே லத்தீனிலிருந்து வந்தவை. டெபிட், 'கடன்பட்டிருத்தல்' என்ற பொருளுள்ள வினையிலிருந்து. கிரெடிட், 'நம்புதல்' என்ற வினையிலிருந்து. நமக்குத் தர வேண்டியவர் கணக்கில் டெபிட்; நம்மை நம்பித் தந்தவர் கணக்கில் கிரெடிட். இத்தாலிய வணிகர்கள் கையாண்டு வந்த இந்த இரட்டைப் பதிவு முறையை லூகா பாச்சோலி என்ற துறவி 1494-இல் வெனிஸில் அச்சான தன் கணித நூலில் விளக்கி எழுதினார். டேலி ஓடுவதும் அதே முறையில்தான்.

கேள்வி: வீட்டுல வரவு செலவுன்னு எழுதறோம். பள்ளிக்கூடப் புத்தகத்துல பற்று, வரவுன்னு போட்டு, ரொக்கம் வந்தா 'பற்று'ங்கறாங்க. வந்ததை வரவுன்னுதானுங்களே சொல்லோணும்?

பிளஸ் ஒன் கணக்குப்பதிவியலில் பிள்ளைகள் முதல் வாரமே தடுக்கி விழும் இடம் இது. குற்றம் பிள்ளைகளுடையது அல்ல. 'வரவு' என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. வீட்டு நோட்டில் அது வருமானம், எதிர்ச்சொல் செலவு. கணக்குப் பாடத்தில் அது கிரெடிட்; எதிர்ச்சொல் பற்று.

பற்று என்ற சொல் முதலில் புழங்கியது ஆட்களின் கணக்கில். ஊர் மளிகைக் கடைப் பற்று நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒருவர் பெயருக்குக் கீழே அரிசி 1,350, எண்ணெய் 420 என்று எழுதினால் இரண்டும் பற்று, அவர் வாங்கிக்கொண்டது. சனிக்கிழமை கூலி வாங்கி வந்து 1,500 கொடுத்தால் வரவு, அவரிடமிருந்து வந்தது. பற்று 1,770, வரவு 1,500, பாக்கி 270. "பெறுபவர் கணக்கில் பற்று வை, தருபவர் கணக்கில் வரவு வை" என்று பாடப்புத்தகம் சொல்லும் விதியை மளிகைக் கடைக்காரர் புத்தகம் படிக்காமலேயே எழுதிக்கொண்டிருக்கிறார்.

சிக்கல், ஆளுக்கான சொல்லைப் பொருளுக்கும் நீட்டும்போதுதான் வருகிறது. அதற்கு ஒரு வழி: கல்லாப்பெட்டியையும் ஓர் ஆளாக எண்ணிக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் தந்த 1,500-ஐக் கல்லாப்பெட்டி வாங்கிக்கொண்டது. ஆகவே கல்லாவின் கணக்கில் பற்று. தந்தவர் வாடிக்கையாளர், அவர் கணக்கில் வரவு. பீரோ, தறி, லாரி, சரக்கு எல்லாவற்றையும் இப்படியே ஆளாக்கிவிடலாம். வகுப்பில் இதை ஒரு முறை சொல்லிவிட்டால் கீழே வரும் டெபிட், கிரெடிட் விதிகள் மூன்றையும் உருப்போடும் வேலை பாதியாகக் குறையும்.

கேள்வி: பால் சொசைட்டி நோட்டுல பற்றுன்னு ரெண்டு வரி போட்டு பணத்தைக் கொறைச்சிருக்காங்க. பற்றுன்னா நான் வாங்கினதுதானுங்களே, எப்படிக் கொறையும்?

நீங்கள் வாங்கியதால்தான் குறைந்திருக்கிறது. அந்த நோட்டு சொசைட்டியின் கணக்கு, பக்கம் உங்களுடையது. ஊற்றிய பால் 70 லிட்டர், லிட்டர் 38 ரூபாய் என்றால் 2,660 வரவு. தீவன மூட்டை ஒன்று 1,450 பற்று, கடன் தவணை 500 பற்று. மீதி 710 கைக்கு வரும். தீவனத்தை நீங்கள் எடுத்துப்போனீர்கள், கடன் பணத்தை முன்பே வாங்கினீர்கள். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: எடுக்காத மூட்டைக்குப் பற்று எழுதியிருக்கிறதா என்பது.

கேள்வி: மூணு விதியையும் சுருக்கமாச் சொல்லுங்க.

ஆள் கணக்கு: பெறுபவர் டெபிட், தருபவர் கிரெடிட். பொருள் கணக்கு: உள்ளே வருவது டெபிட், வெளியே போவது கிரெடிட். செலவும் நட்டமும் டெபிட், வருமானமும் ஆதாயமும் கிரெடிட்.

மண்டிக்காரர் 20 குவிண்டால் மஞ்சளைக் குவிண்டால் 13,000 என்று கடனுக்கு வாங்கினால் கொள்முதல் டெபிட் 2,60,000. விற்றவர் கிரெடிட் 2,60,000. ஏற்றுகூலி 900 ரொக்கமாகக் கொடுத்தால் கூலிக் கணக்கு டெபிட், ரொக்கம் கிரெடிட். எந்தப் பதிவிலும் இரண்டு பக்கமும் ஒரே தொகையாக வர வேண்டும்.

கேள்வி: சேவிங்ஸ்ல கிரெடிட் பேலன்ஸ் இருக்குது. சிசி அக்கவுண்ட்ல 14,35,000 டெபிட் பேலன்ஸ்னு காட்டுது. எனக்கு இவ்வளவு பணம் இருக்குதுங்களா?

இல்லை. அது நீங்கள் பேங்குக்குத் தர வேண்டியது. சிசி என்பது கேஷ் கிரெடிட். பெயரில் கிரெடிட், பேலன்ஸில் டெபிட். பெயரில் வரும் கிரெடிட்டுக்கு 'நம்பித் தரும் கடன்' என்று பொருள். பேலன்ஸில் வரும் டெபிட், பேங்க் நோட்டில் நீங்கள் கடன்பட்டவர் என்பதைக் காட்டுகிறது.

லிமிட் 20 லட்சம் என்றால் ஆப்பில் 'எடுக்கக்கூடிய தொகை' என்று 5,65,000 தெரியும். அதைக் கையிருப்பு என்று நினைத்துத் தோட்டத்துக்கு முன்பணம் கொடுத்து மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. அந்த 5,65,000-உம் முழுக்கக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. மாதாமாதம் தரும் ஸ்டாக் ஸ்டேட்மெண்டில் சரக்கும் வசூல் பாக்கியும் குறைந்தால் எடுக்கும் வரம்பும் குறையும்.

பதிவு செய்யும்போது ஒரு சோதனை: பேங்க் ஸ்டேட்மெண்டும் உங்கள் டேலியும் எப்போதும் எதிரெதிர்ப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். அங்கே கிரெடிட் என்றால் இங்கே டெபிட். சிசியில் அங்கே டெபிட் என்றால் இங்கே கிரெடிட். இரண்டும் ஒரே பக்கம் காட்டினால், ஸ்டேட்மெண்டைப் பார்த்து அப்படியே பக்கம் மாறாமல் ஏற்றிவிட்டார்கள் என்று பொருள்.

கேள்வி: பேங்க் ஸ்டேட்மெண்டும் டேலியும் ஒத்து வரலைங்க. எங்கிருந்து தேடறது?

முதலில் வித்தியாசத் தொகையை எடுத்து இரண்டால் வகுங்கள். வித்தியாசம் 37,000 என்றால் 18,500-க்கு ஒரு பதிவு இருக்கிறதா என்று தேடுங்கள். வரவேண்டிய 18,500-ஐச் செலவாக ஏற்றியிருந்தால், ஒரு பக்கம் குறைந்து மறுபக்கம் கூடி, வித்தியாசம் இரட்டிப்பாகத்தான் தெரியும்.

கிடைக்கவில்லையா, 9-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம். 5,720-ஐ 5,270 என்று அடித்தால் வித்தியாசம் 450. அது 9 தரம் 50.

அதிலும் சிக்கவில்லை என்றால்தான் வழக்கமான தேடல்: கொடுத்த செக் இன்னும் பாஸ் ஆகாதது, போட்ட செக் வசூலாகாதது, பேங்க் பிடித்த கட்டணமும் வட்டியும், பார்ட்டி நேராகக் கணக்கில் போட்டு நம்மிடம் சொல்லாத பணம். பல கம்பெனிகளில் இந்தத் தேடலை முதலில் தொடங்கி மத்தியானம் வரை உட்கார்ந்திருப்பார்கள். வகுத்தல் இரண்டும் சேர்ந்து இரண்டு நிமிடம்தான்.

கேள்வி: டெபிட் நோட்டு, கிரெடிட் நோட்டு. யார் யாருக்குப் போடறது?

பெயரிலேயே விடை இருக்கிறது. டெபிட் நோட்டு என்றால் "என் நோட்டில் உங்கள் கணக்கை டெபிட் செய்திருக்கிறேன்" என்ற அறிவிப்பு. கிரெடிட் நோட்டு என்றால் "உங்கள் கணக்கைக் கிரெடிட் செய்திருக்கிறேன்". சரக்கு வாங்கியவர் டெபிட் நோட்டு அனுப்பினால், விற்றவருக்குத் தர வேண்டிய பணத்தைக் குறைத்துவிட்டார். விற்றவர் டெபிட் நோட்டு அனுப்பினால், வாங்கியவர் தர வேண்டியதைக் கூட்டிவிட்டார். இரண்டிலும் டெபிட் நோட்டைக் கையில் வாங்குபவருக்குத்தான் பாதகம். கிரெடிட் நோட்டை வாங்குபவருக்குச் சாதகம். யார் விற்றவர், யார் வாங்கியவர் என்று யோசித்துத் தலையைப் பிய்த்துக்கொள்ளத் தேவையில்லை.

கேள்வி: சாயப்பட்டறைக்கு எடைக் குறைவுக்கு டெபிட் போட்டோம். ஜிஎஸ்டியில அது செல்லாதுன்னு ஆடிட்டர் சொல்றாருங்க. ஏனுங்க?

சிஜிஎஸ்டி (மத்திய ஜிஎஸ்டி) சட்டம் 34-ஆம் பிரிவின்படி கிரெடிட் நோட்டு, டெபிட் நோட்டு இரண்டையுமே போட வேண்டியவர் சப்ளை செய்தவர். பில்லில் மதிப்போ வரியோ கூடிப்போனாலும், சரக்கு திரும்பினாலும், சரக்கிலோ வேலையிலோ குறை இருந்தாலும் அவர் கிரெடிட் நோட்டு தருவார். குறைவாகப் பில் போட்டிருந்தால் டெபிட் நோட்டு தருவார். வாங்கியவர் போடும் டெபிட் நோட்டு இரு தரப்புக் கணக்குக்கான காகிதம் மட்டுமே. அதை வைத்து யாருடைய வரியும் குறையாது.

ஒரு கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். டிடிஎஸ்ஸை (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி) இதில் சேர்க்கவில்லை. 500 கிலோ துணி சாயத்துக்குப் போகிறது. கிலோவுக்கு 110 வீதம் கூலி 55,000, 5 சதவீத ஜிஎஸ்டி 2,750, பில் 57,750. பேசிய கழிவு 6 சதவீதம், ஆக 470 கிலோ திரும்பி வர வேண்டும். வந்தது 455. குறைவு 15 கிலோ, கிலோ 420 என்றால் 6,300.

முதல் வழி: வேலையில் குறை என்று ஒப்புக்கொண்டு சாயப்பட்டறை 6,300-க்கும் அதன் வரி 315-க்கும் கிரெடிட் நோட்டு தருகிறது. கம்பெனி 51,135 கொடுக்கிறது. எடுத்த உள்ளீட்டு வரியில் (வாங்கும்போது கட்டி, தன் வரியில் கழித்துக்கொள்ளும் ஜிஎஸ்டி) 315-ஐத் திருப்புகிறது. மிஞ்சும் உள்ளீட்டு வரி 2,435. கம்பெனிக்கு உண்மைச் செலவு 48,700.

இரண்டாம் வழி: பேசியபடி நடக்காததற்கு இழப்பீடு என்று வரியைத் தொடாமல் 6,300-ஐ மட்டும் பிடிப்பது. கம்பெனி 51,450 கொடுக்கிறது. 2,750 உள்ளீட்டு வரி அப்படியே நிற்கிறது. உண்மைச் செலவு அதே 48,700. ஒப்பந்த மீறலுக்கான இழப்பீடு தனியாக வரிக்கு உட்படாது என்பதை 2022 ஆகஸ்ட் 3-ஆம் தேதியிட்ட 178-ஆம் எண் சுற்றறிக்கை விளக்குகிறது.

இரண்டு வழியிலும் இரு தரப்புக்கும் முடிவில் நிற்கும் தொகை ஒன்றுதான். தப்பு நடப்பது மூன்றாவதாக ஒரு வழியில்: கம்பெனி தானே 6,615-க்கு டெபிட் நோட்டு அடித்து 51,135 மட்டும் கொடுக்கும், சாயப்பட்டறையிடம் கிரெடிட் நோட்டு கேட்காது, உள்ளீட்டு வரி 2,750-ஐயும் முழுசாக வைத்துக்கொள்ளும். சாயப்பட்டறையோ 2,750 வரியை அரசுக்குக் கட்டியாக வேண்டும். அந்த 315 ரூபாய் யார் தலையில் விழுகிறது என்று பார்த்தால், பட்டறைக்காரர் கத்துவதில் நியாயம் இருக்கிறது. கம்பெனிக்கும் இது ஆபத்துதான். பில் தொகையை 180 நாளுக்குள் கொடுக்காவிட்டால், கொடுக்காத பங்குக்கான உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கிரெடிட் நோட்டு இல்லாமல் பிடித்த தொகையைக் 'கொடுக்காத தொகை' என்று அதிகாரி கேட்டால் காட்டக் கையில் தாள் இருக்காது.

நோட்டு அடிப்பதற்கு முன்னால் எடை போட்ட விதத்தையும் பாருங்கள். கிரே துணியை (சாயம் போடாத துணி) பாலித்தீன் உறையோடும் நடுக்குழாயோடும் எடை போட்டு அனுப்பியிருந்தால், ரோலுக்கு 300 கிராம் வீதம் 25 ரோலில் 7.5 கிலோ போய்விடும். மேலே சொன்ன 15 கிலோவில் அது சரிபாதி. டெபிட் சண்டை பலவற்றின் வேர் தராசில்தான் இருக்கிறது.

கேள்வி: கிரெடிட் நோட்டுக்குக் கெடு உண்டுங்களா?

உண்டு. சப்ளை நடந்த நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30, அல்லது அந்த ஆண்டுக்கான வருடாந்திர ரிட்டர்ன் போட்ட நாள், இரண்டில் எது முந்தையதோ அதுவரை. 2025-26 பில்லுக்கு 2026 நவம்பர் 30. அதற்குப் பிறகு வரியைக் குறைக்கும் கிரெடிட் நோட்டு போட முடியாது. வரியைத் தொடாத வணிக நோட்டு மட்டும் போடலாம். ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய நிறுவனங்கள் 2023 ஆகஸ்ட் 1 முதல் பில்லைப் போலவே இந்த நோட்டுகளையும் இ-இன்வாய்ஸாக (அரசுத் தளத்தில் பதியும் மின் பில்) பதிய வேண்டும். ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை ரிட்டர்னில் ஏற்றும்போது மூல பில் எந்த மாதத்தது என்று பாருங்கள். தீபாவளி சமயத்தில் மொத்தமாகப் போடும் நோட்டுகளில் இரண்டு நிதியாண்டு பில்கள் கலந்துவிடுவது வழக்கமான தப்பு.

கேள்வி: 'கிரெடிட்ல சரக்கு கொடுத்தேன்'னா பார்ட்டி எனக்குத் தரோணும். 'கிரெடிட் நோட்டு கொடுத்தேன்'னா நான் விட்டுக்கொடுத்தேன். ஒரே சொல் எப்படிங்க ரெண்டு பக்கமும் இழுக்குது?

இவை இரண்டு வேறு கிரெடிட்கள். முதலாவது பழைய 'நம்பிக்கை' பொருள்: பணம் பிறகு தருவார் என்று நம்பிக் கொடுத்தது, நம் பேச்சில் கடன், தவணை. கணக்கில் அது பார்ட்டிக்கு டெபிட்! இரண்டாவது, கணக்கின் வலப்பக்கம் என்ற பொருள். அதனால்தான் கிரெடிட் விற்பனையில் பார்ட்டி பாக்கி கூடுகிறது, கிரெடிட் நோட்டில் குறைகிறது. கணக்கர் பிள்ளைகளிடம் "பார்ட்டிக்குக் கிரெடிட் போட்ரு" என்று வாய்வார்த்தையாகச் சொல்லாதீர்கள். கடன் பில்லா, தள்ளுபடியா என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

நாள் கணக்குக்கும் எல்லை உண்டு. குறு, சிறு உற்பத்தியாளரிடமோ ஜாப் ஒர்க் (கூலிக்கு வேலை) செய்பவரிடமோ வாங்கினால், "60 நாள் கிரெடிட்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள்) சட்டப்படி 45 நாள்தான். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி, மாதக் கூட்டு வட்டியாக. 2023-24 நிதியாண்டிலிருந்து, கெடு தாண்டியும் கொடுக்காத தொகையை வருமான வரிக் கணக்கில் அந்த ஆண்டுச் செலவாக எடுக்க முடியாது. கொடுத்த ஆண்டில்தான் எடுக்கலாம். வெறும் வியாபாரியாக மட்டும் பதிவு செய்தவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால் பார்ட்டியின் உத்யம் சான்றிதழை (எம்எஸ்எம்இ பதிவுச் சான்று) வாங்கி, உற்பத்தியா வணிகமா என்று பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: ஜிஎஸ்டி போர்ட்டல்ல 'கிரெடிட் லெட்ஜர்'ல பணம் இருக்குது. ஆனா டேலியில அது டெபிட் பேலன்ஸ் காட்டுது. டேலி தப்புங்களா?

இரண்டும் சரி. போர்ட்டல் அரசின் நோட்டு, டேலி உங்கள் நோட்டு, பாஸ்புக் கதையேதான். வாங்கும்போது நீங்கள் கட்டிய வரி அரசிடம் உங்களுக்குப் பாத்தியதை. அங்கே கிரெடிட், இங்கே சொத்து என்பதால் டெபிட். மாத ரிட்டர்னில் பயன்படுத்தும்போது அங்கே டெபிட், இங்கே கிரெடிட். தொகை மட்டும் இரண்டிலும் ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் முதலில் 2பி-யில் (விற்றவர்கள் ஏற்றிய பில்களைப் போர்ட்டல் காட்டும் பட்டியல்) வராத பில்லைத் தேடுங்கள். சிஜிஎஸ்டி கிரெடிட்டை எஸ்ஜிஎஸ்டிக்கு (மாநில ஜிஎஸ்டி) பயன்படுத்த முடியாது. அதனால் மொத்தத் தொகை ஒத்துவந்தாலும் உள்ளே தலைப்பு மாறிக் கிடந்தால் சிக்கல்தான்.

கேள்வி: டேலியில 'பை', 'டு'ன்னு வருது. எது டெபிட்டுங்க?

டேலி பதிவில் 'பை' டெபிட், 'டு' கிரெடிட். ஆனால் கையால் எழுதும் பேரேட்டில் டெபிட் பக்க வரிகள் 'டு' என்றும் கிரெடிட் பக்க வரிகள் 'பை' என்றும் தொடங்கும். பள்ளியில் பேரேடு படித்துவிட்டு வேலைக்கு வரும் பிள்ளைகள் இதனாலேயே முதல் மாதம் தலைகீழாக ஏற்றுவார்கள். எஃப்12 அமைப்பில் இதற்குப் பதில் நேராக டெபிட், கிரெடிட் சுருக்கங்களே வரும்படி வைத்துக்கொள்ளலாம். அப்படி மாற்றிவிடுவதே உத்தமம். டேலி பிரைமில் டெபிட் நோட்டுக்கு ஆல்ட் எஃப்5, கிரெடிட் நோட்டுக்கு ஆல்ட் எஃப்6. வாங்கிய சரக்கைத் திருப்பினால் முன்னது, விற்ற சரக்கு திரும்பினால் பின்னது.

கேள்வி: கிரெடிட் கார்டு பில்லுல தொகைக்குப் பக்கத்துல கிரெடிட்னு போட்டிருந்தா நான் கட்டோணுங்களா?

வேண்டாம். அந்த வரி நீங்கள் கட்டியதோ, கடை திருப்பித் தந்ததோ. மொத்தத் தொகைக்கே கிரெடிட் என்று இருந்தால், நீங்கள் கூடுதலாகக் கட்டிவிட்டீர்கள். பேங்க்தான் உங்களுக்குத் தர வேண்டும். டெபிட் கார்டு உங்கள் பணத்தை எடுக்கும். கிரெடிட் கார்டு பேங்க் பணத்தை எடுத்துக் கடனாக்கும். சிபில் கிரெடிட் ஸ்கோரில் வரும் கிரெடிட்டும் நம்பிக்கைப் பொருள்தான்: 300 முதல் 900 வரை, உங்களை நம்பிக் கடன் தரலாமா என்பதற்கான மதிப்பெண்.

கேள்வி: ஜிபேயில என் கணக்குல டெபிட் ஆயிருச்சு, அவருக்குக் கிரெடிட் ஆகலைங்க. பணம் எங்க போச்சு?

இரண்டு பேங்குகளுக்கு நடுவில் நிற்கிறது. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 உத்தரவுப்படி, ஆளுக்கு ஆள் அனுப்பிய யுபிஐ பணம் சேராவிட்டால் மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். கடைக்கு அனுப்பி உறுதியாகாதது, ஏடிஎம்மில் நோட்டு வராமல் டெபிட் ஆனது இரண்டுக்கும் 5 நாள். கெடு தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் பேங்க் தர வேண்டும். ஆப்பில் அந்தப் பரிமாற்றத்தைத் திறந்து 12 இலக்க எண்ணைக் குறித்துக்கொண்டு புகார் பதியுங்கள். பிறகு பேங்கில் எழுத்தில் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். உதவி எண் 14448. அவசரப்பட்டு உடனே இரண்டாம் முறை அனுப்பிவிட்டு, முதல் தொகையும் போய்ச் சேர்ந்தபின் திரும்பக் கேட்டு அலைபவர்கள்தான் அதிகம். கொஞ்சம் பொறுங்கள்.

கேள்வி: 'உங்கள் கணக்கில் 25,000 கிரெடிட்'னு மெசேஜ் வந்துச்சு. தவறா அனுப்பிட்டேன், திருப்பி அனுப்புங்கன்னு ஒருத்தர் கூப்பிடறாருங்க.

மெசேஜில் உள்ள கிரெடிட்டை நம்பாதீர்கள். பேங்க் ஆப்பில் பேலன்ஸையும் ஸ்டேட்மெண்டையும் பாருங்கள். அங்கே வரி இல்லை என்றால் பணம் வரவில்லை. மாட்டுச் சந்தையிலும் தேங்காய் வியாபாரத்திலும் போனில் காட்டும் பச்சை டிக்கைப் பார்த்துச் சரக்கை ஏற்றிவிடுவது இதே தப்பின் இன்னொரு வடிவம். யுபிஐ பின் எண், பணத்தை அனுப்ப மட்டும்தான். பணம் பெற அது தேவையே இல்லை. "பின் போட்டால் கிரெடிட் ஆகும்" என்று யார் சொன்னாலும் அடுத்த நொடியில் நடப்பது டெபிட். உண்மையிலேயே பணம் வந்திருந்தாலும் நீங்களாகத் திருப்பி அனுப்பாமல் பேங்க் வழியாகத் திருப்பச் சொல்லுங்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

கேள்வி: எல்.சி.ன்னு எக்ஸ்போர்ட்டர்கள் சொல்ற கிரெடிட்?

லெட்டர் ஆஃப் கிரெடிட், அதாவது கடன் உறுதிக் கடிதம். வாங்குபவர் பேங்க், "கேட்ட காகிதங்கள் சரியாக வந்தால் பணம் தருவேன்" என்று தரும் உறுதி. பேங்க் பார்ப்பது காகிதத்தை, பனியனை அல்ல. 2007 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள யுசிபி 600 என்ற சர்வதேச எல்.சி. விதிகளின்படி கப்பலேறிய நாளிலிருந்து 21 நாளுக்குள் மூலக் கப்பல் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும், எல்.சி.யின் காலாவதி நாளையும் தாண்டக்கூடாது. பெயரில் ஓர் எழுத்து மாறினால்கூடக் குறை சொல்லிப் பணத்தை நிறுத்த இடம் உண்டு.

கேள்வி: கடைசியா ஒண்ணுங்க. 'டெப்டார்'னு சொல்றது சரிங்களா?

கடன், கடனாளி என்ற பொருளில் வரும் இங்கிலீஷ் சொற்களில் நடுவே உள்ள பகர ஒலி ஊமை: டெட், டெட்டர். டெபிட்டில் மட்டும் அது ஒலிக்கும். அதனால் 'பேட் டெட்' என்றால் வராக்கடன். செத்துப்போனது என்ற பொருளில் வரும் 'டெட்' வேறு சொல், காதுக்கு ஒன்றுபோலக் கேட்டாலும். டேலியில் சண்ட்ரி டெட்டர்ஸ் நமக்குத் தர வேண்டியவர்கள், சண்ட்ரி கிரெடிட்டர்ஸ் நாம் தர வேண்டியவர்கள். புதுப் பார்ட்டியை லெட்ஜரில் சேர்க்கும்போது இந்தக் குழுவை மாற்றிப் போட்டுவிட்டால் சண்ட்ரி டெட்டர்ஸ் குழுவின் பாக்கிப் பட்டியலில் அவர் பெயரே வராது. வசூலுக்குப் போகிறவர் அந்தக் கடையைத் தாண்டிப் போய்விடுவார்.